“மறுபடியும் விழுந்திடுச்சு!”

காலை நிகழ்ச்சியில் பாட்டு ஓடும் அந்த நான்கு நிமிடம்தான் எனக்குத் தண்ணீர் குடிக்கக் கிடைக்கும் நேரம். சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, சரியாக அந்த நான்கு நிமிடத்தில் கைப்பேசி அதிர்ந்தது. கிள்ளானிலிருந்து அப்பா.

“பாப்பா, ஜக்கூஸிய ஆன் பண்ணேன். ஈ.எல்.சி.பி. விழுந்திடுச்சு. தூக்கி விட்டேன். மறுபடியும் விழுந்திடுச்சு. இப்ப டேப் போட்டு ஒட்டி வச்சிருக்கேன், அப்பவும் கரண்டு வரல. என்ன பண்ணலாம்?”

பாட்டு முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. “அப்பா, மெயின் சுவிட்ச அடைச்சிடுங்க. தொட்டிப் பக்கம் யாரும் போக வேணாம். சாயங்காலம் வரேன்” என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கி முன் உட்கார்ந்தேன். அடுத்து நேயர்களின் பிறந்தநாள் வாழ்த்து. சிரித்துக்கொண்டே வாசித்தேன். மனசு மட்டும் வீட்டின் பின்பக்கத்தில் இருந்தது.

எட்டு மாதமாக நின்றுபோயிருந்த அந்தச் சுடுநீர்த் தொட்டியை மறுபடி ஓட வைக்க எங்களுக்கு 23 நாள் ஆனது. அப்பாவின் கணக்கில் அது ஒரு பிற்பகல் வேலை. இரண்டு கணக்குக்கும் நடுவே நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். சொந்தத் தொட்டி எல்லார் வீட்டிலும் இருக்காது. ஆனால் விடுமுறைக்கு எடுக்கும் ஹோம்ஸ்டேயில், கேமரன் மலை பங்களாவில், கொண்டோ நீச்சல் குளத்தின் ஓரத்தில் இப்படி ஒன்று குமிழி விட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதில் இறங்குவது நாம்தானே?

அம்மாவின் முட்டிக்காக வந்தது

2011-இல் அப்பாவின் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போனார். எடுத்துப் போக முடியாததை எல்லாம் விற்றார். அதில் ஒன்று இந்த நான்கு பேர் உட்காரும் தொட்டி. ஒட்டியிருந்த பெயர்ச் சீட்டு வெயிலில் வெளுத்துப்போனதால் எந்த நிறுவனத்துடையது என்றே தெரியவில்லை. கிரேன் லோரியில் வந்து எங்கள் மூலை வீட்டுப் பின்பக்கத்தில் இறங்கியது. தாமானே வேடிக்கை பார்த்தது.

அம்மாவுக்கு அப்போதே முட்டிவலி தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செலாயாங் வெந்நீர் ஊற்றுக்குப் போய்க் காலை நனைத்துக்கொண்டு வருவார். “அவ்வளவு தூரம் எதுக்குப் போகணும்? வீட்லயே வச்சிடறேன்” என்று அப்பா வாங்கிப் போட்டதுதான் அந்தத் தொட்டி.

இந்த யோசனை அப்பாவுக்கு முன்னாலேயே இன்னோர் அப்பாவுக்கு வந்திருக்கிறது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜக்கூஸி என்பது ஒரு குடும்பத்தின் பெயர். இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் குடியேறிய சகோதரர்கள் தண்ணீர்ப் பம்பு செய்து விற்றார்கள். அவர்களில் ஒருவரான கேண்டிடோ ஜக்கூஸியின் மகனுக்குச் சின்ன வயதிலேயே மூட்டுவாதம். மருத்துவமனையில் கொடுத்த நீர்ச் சிகிச்சையை வீட்டிலேயே கொடுக்க, குளியல் தொட்டிக்குள் வைக்கக்கூடிய ஒரு பம்பைச் செய்தார்கள். 1956-இல் அதை ஜே-300 என்ற பெயரில் விற்பனைக்கு விட்டார்கள். பம்பும் தொட்டியும் சேர்ந்தே வரும் குளியல் தொட்டியை அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்காரர் ராய் ஜக்கூஸி 1968-இல் கொண்டு வந்தார். இன்று எந்த நிறுவனம் செய்த தொட்டியாக இருந்தாலும் நாம் ஜக்கூஸி என்றே சொல்கிறோம்.

எங்கள் தொட்டி பல வருடம் நன்றாக உழைத்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, அம்மாவுக்கு இருந்த ஒரே உடற்பயிற்சி அதுதான். பிறகு ஒரு நாள் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. அப்பா தினமும் ரப்பர் குழாயைப் போட்டு நிரப்பிக்கொண்டே இருந்தார். தண்ணீர் பில் எகிறியதும் கோபத்தில் சுவிட்சை அடைத்து மூடியைப் போட்டுவிட்டார். அப்படியே எட்டு மாதம்.

அந்த எட்டு மாதத்தில் அம்மாவின் முட்டி மோசமானது. பத்துமலையின் 272 படிகளை வருடா வருடம் ஏறியவர், வீட்டு மாடிப்படிக்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் காலை நீட்டி மடக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்ன அன்றே அப்பா மூடியைத் திறந்துவிட்டார். தண்ணீரை நிரப்பினார். சுவிட்சைப் போட்டார். விழுந்துவிட்டது.

தண்ணீர் எங்கே போனது?

மாலையில் நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்துத் தாமானிலிருந்து கைவேலைக்காரர் ஒருவர் வந்திருந்தார். “ஈ.எல்.சி.பி. பழசாயிடுச்சு சார். அதைக் கழட்டிட்டு நேரா லைன் குடுத்துடறேன். பத்து நிமிஷ வேலை” என்றார். அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்கிறேன், நானும் ஒரு நொடி யோசித்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “இன்னிக்கு ஓடுமா?” என்று கேட்டார். பத்து நிமிடத்தில் முடியும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் காலையில் அப்பா சொன்ன ஒரு விஷயம் என்னை உறுத்தியது. டேப் ஒட்டி வைத்தும் அது கரண்டை விடவில்லையே, ஏன்? கைவேலைக்காரரை அனுப்பிவிட்டு, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேன் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். மறுநாள் வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். அப்பாவை ‘அண்ணே’ என்று கூப்பிட்டார்.

அவர் முதலில் சுவிட்சைப் பார்க்கவில்லை. “தண்ணி எங்கண்ணே போச்சு?” என்று கேட்டார்.

“அதான் கசிஞ்சு போச்சே.”

“கசிஞ்சு எங்க போச்சு?”

அப்பாவிடம் பதில் இல்லை. நான் அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு 3 சென்டிமீட்டர் குறைந்தது என்றார் அப்பா. எங்கள் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 25 லிட்டர். அப்படியானால் நாளுக்கு 75 லிட்டர். மாதத்துக்கு 2,250 லிட்டர். இரண்டு டன்னுக்கும் மேல். அவ்வளவு தண்ணீரும் தொட்டியின் பலகைக்குள், நுரை அடைப்புக்குள், மின்பெட்டிக்குப் பக்கத்தில் எங்கோ புகுந்து போயிருக்கிறது.

கசிவைக் கண்டுபிடிக்க அவர் சொல்லிக்கொடுத்த முறைகள் எளிமையானவை. மின்சாரம் முழுவதும் அடைக்கப்பட்ட நிலையில்தான் எல்லாம் செய்தோம்.

முதலில் வாளிச் சோதனை. ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, தொட்டியின் படியில் வைத்து, உள்ளும் வெளியும் பேனாவால் கோடு போட்டோம். ஒரு நாள் கழித்து வாளியில் கோடு அசையவில்லை என்றே சொல்லலாம்; தொட்டியில் மட்டும் இறங்கியிருந்தது. ஆக, ஆவியாகிப் போகவில்லை, கசிவேதான்.

அடுத்து, தண்ணீரைத் தானாக இறங்க விட்டோம். எந்த உயரத்தில் நிற்கிறதோ, அந்த உயரத்தில்தான் பெரும்பாலும் கசிவு இருக்கும். மேலே உள்ள நீர்த்துளை மட்டத்தில் நின்றால் அந்தத் துளையின் இணைப்பு. நிற்காமல் அடிவரை இறங்கினால் பம்பு, அல்லது கீழ்க் குழாய்கள். எங்கள் தொட்டியில் அடிவரை இறங்கியது. பலகையைக் கழற்றிப் பார்த்தால், பம்பின் தண்டைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அங்கே இருக்கும் சீல் தேய்ந்து போயிருந்தது. ஹீட்டரை இணைக்கும் இடத்தில் ரப்பர் வளையமும் காய்ந்து வெடித்திருந்தது. பழைய தொட்டிகளில் அடிக்கடி முதலில் போவது இந்த இரண்டும்தான் என்றார். ரப்பர் ஈரத்தில் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். நிறுத்திக் காயப் போட்டால் சுருங்கிவிடும்.

உள்ளே இன்னும் சில விஷயங்கள் இருந்தன. நுரை அடைப்பு பிழிந்தால் தண்ணீர் வரும் அளவுக்கு ஊறியிருந்தது. மின்பலகையின் மேல் ஒரு செத்த பல்லி. அதன் ஓரத்தில் எறும்புக் கூடு. “கோப்பி போடும்மா, இது பெரிய வேலை” என்றார் வயர்மேன்.

அது பொய் சொல்லவில்லை

ஊறிய நுரையை வெட்டி எடுத்து, மின்விசிறி வைத்து ஐந்து நாள் காயவிட்டோம். அதற்குப் பிறகுதான் அவர் தன் சோதனைக் கருவியை எடுத்தார். ஹீட்டர் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் கொடுத்துத் தடையை அளக்கும் கருவி. குறைந்தது ஒரு மெகா ஓம் காட்டியிருக்க வேண்டும். எங்கள் ஹீட்டர் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கழற்றிப் பார்த்தபோது, கம்பியின் உலோக உறையில் ஊசிமுனை அளவில் அரிப்பு. எட்டு மாதம் பாதி நனைந்தும் பாதி காய்ந்தும் கிடந்ததன் விளைவு. அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்துகொண்டிருந்தது.

ஈ.எல்.சி.பி. என்று நாம் இன்னமும் கூப்பிடும் அந்தச் சாதனம் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. ஒரு கம்பியில் போகும் மின்சாரமும் மறு கம்பியில் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் வந்தால் கொஞ்சம் வேறு வழியில் போகிறது என்று அர்த்தம். அந்த வேறு வழி ஒரு மனிதனாக இருக்கலாம். வீடுகளில் போடும் சாதனங்களில் பல 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு, உதாரணமாகக் குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு, நம் நாட்டில் 10 மில்லி ஆம்பியர் சாதனம் போடுகிறார்கள். நனைந்த உடம்பில் மின்சாரம் சுலபமாகப் பாயும் என்பதால் இந்தக் கூடுதல் எச்சரிக்கை. எங்கள் தொட்டிக்குத் தனியாக அப்படி ஒன்று இருந்ததே இல்லை. இந்த முறை போட்டோம்.

“நான் டேப் ஒட்டியும் நிக்கலியே தம்பி?” என்று அப்பா கேட்டார்.

“நீங்க வெளிய பிடிய எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும், உள்ள அது விழத்தான் செய்யும்ணே. அப்படித்தான் செஞ்சிருக்காங்க. ஏன்னா நம்மள மாதிரி ஆளுங்க டேப் ஒட்டுவோம்னு அவங்களுக்குத் தெரியும்.”

அப்பா சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கைவேலைக்காரர் நேராக லைன் கொடுத்திருந்தால், ஹீட்டர் ஓடியிருக்கும். தண்ணீர் சூடாகியிருக்கும். மாலை ஆறு மணிக்கு அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருப்பார். அதற்கு மேல் நாங்கள் யாரும் வாயால் சொல்லவில்லை.

ஒலிபரப்பில் இருப்பவள் என்பதால் என் மனதில் ஒன்று தங்கிவிட்டது. வீட்டில் ஏதாவது ஒரு சாதனம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னால், அதன் வாயை அடைப்பதற்கு முன் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். நாலு தடவை விழுந்தது என்றால் நாலு தடவை எச்சரித்தது என்று பொருள்.

கண்ணுக்குத் தெரியாத வழவழப்பு

பம்புக்குப் புது சீல், இணைப்புகளுக்குப் புது ரப்பர் வளையங்கள், புது ஹீட்டர் எல்லாம் வந்து சேர்ந்தன. அப்பா மறுபடி அவசரப்பட்டார். “இப்ப நிரப்பிடலாம்ல?” நிரப்பினோம், ஆனால் குளிக்க அல்ல, கழுவ.

நின்றுபோன தொட்டியின் பெரிய பிரச்சினை அதன் குழாய்களுக்குள் இருக்கிறது. தண்ணீரை எவ்வளவு வெளியேற்றினாலும் வளைவுகளில் கொஞ்சம் தேங்கும். அதில் கிருமிகள் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்படி வளரும் கிருமிகளில் ஆபத்தானது லெஜியோனெல்லா. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்குப் பின் பலர் நுரையீரல் காய்ச்சலில் இறந்ததை ஆராய்ந்தபோதுதான் அது கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 25 முதல் 45 பாகை வரையிலான சூட்டில் அது செழிக்கும். குளிர் நாட்டில் ஹீட்டர் போட்டால்தான் அந்தச் சூடு வரும். நம் ஊரில் மூடி போட்டு வைத்தாலே தண்ணீர் 28 பாகையில் இருக்கும்.

இந்தக் கிருமி பெரும்பாலும் தண்ணீரைக் குடிப்பதால் வருவதில்லை. குமிழி வெடிக்கும்போது கிளம்பும் மெல்லிய சாரலைச் சுவாசிப்பதால் வருகிறது. 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி. அங்கே பார்வைக்கு வைத்து ஓடவிட்டிருந்த சுடுநீர்த் தொட்டி ஒன்றிலிருந்து கிருமி பரவியதாக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குறைந்தது 32 பேர் இறந்தார்கள். அவர்கள் அந்தத் தொட்டியில் குளிக்கப் போனவர்கள் அல்லர், கண்காட்சிக்கு வந்தவர்கள்.

அதனால் கழுவும் வேலையை ஒழுங்காகச் செய்தோம். ஹீட்டரை இணைக்காமல், குழாய் கழுவும் மருந்தைப் போட்டு, பம்பை மட்டும் ஓட விட்டு, எல்லாரும் தள்ளி நின்றோம். அரை மணி நேரத்தில் பழுப்பு நிறத்தில் நுரையும் செதிலுமாக மேலே வந்து மிதந்ததைப் பார்த்த அம்மா, “இதுலயா நான் குளிச்சேன்!” என்று முகத்தைச் சுளித்தார். வெளியேற்றி, துடைத்து, மறுபடி நிரப்பி, குளோரின் அதிகமாகப் போட்டு ஓட விட்டு, மீண்டும் வெளியேற்றினோம். பழைய வடிகட்டியைத் தூக்கிப் போட்டுப் புதியதை மாட்டினோம்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. மூடியின் மடிப்பில் ஒரு கை அளவு மழைநீர் தேங்கியிருந்தது. அதில் கொசுப்புழு நெளிந்தது. ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீர் போதும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சுகாதார அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்த்தால் 500 ரிங்கிட் வரை அபராதம் போடலாம். அபராதத்தை விடுங்கள், டெங்கி வந்தால் யார் பொறுப்பு? நிறுத்தி வைக்கும் தொட்டியை முழுக்கக் காய வைக்க வேண்டும், மூடியையும் சேர்த்து.

அடியில் ஒரு சின்ன மூடி

தம்பியின் மகளுக்கு ஆறு வயது. நீளமான முடி. தொட்டி கழுவும்போது அவள்தான் அடியில் குனிந்து, “அத்தை, இது ஒடஞ்சிருக்கு” என்று காட்டினாள். பம்பு தண்ணீரை இழுக்கும் துளையின் மூடியில் ஒரு விரிசல்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயர்மேனுடன் வந்த தொட்டிப் பழுதாளர்தான் அதைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினார். பம்பின் இழுவிசை ஒரு பெரிய ஆளையே அழுத்திப் பிடித்துவிடும். 2002-இல் அமெரிக்காவில் வெர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி இப்படித்தான் சுடுநீர்த் தொட்டியின் அடியில் சிக்கி இறந்தாள். நீச்சல் தெரிந்த பிள்ளை. தாய் இழுத்தும் விடுவிக்க முடியவில்லை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். தாயின் போராட்டத்தால் 2007-இல் அவள் பெயரிலேயே அங்கு சட்டம் வந்தது. பாதுகாப்பான மூடிகள் கட்டாயமாயின.

எங்கள் தொட்டி அந்தச் சட்டத்துக்கு முன்னால் செய்யப்பட்டதாக இருக்கலாம். விரிசல் விட்ட மூடியை மாற்றிய பிறகுதான் பிள்ளைகளை அந்தப் பக்கம் விட்டோம். விடுதியிலோ ஹோம்ஸ்டேயிலோ தொட்டியில் இறங்கும் முன் அடியில் அந்த மூடி இருக்கிறதா, ஆடுகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். நீளமான முடியை முடிந்துவிடுங்கள்.

நிரப்பிய நாள்

எங்கள் தொட்டி 1,100 லிட்டர் பிடிக்கும். குழாயில் நிமிடத்துக்கு எட்டு லிட்டர் வந்தது. வாளி வைத்து அளந்தேன். இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. தண்ணீரை நேராகத் தொட்டிக்குள் விடாமல், வடிகட்டி இருக்கும் குழிக்குள் ரப்பர் குழாயை வைத்து நிரப்பினோம். அப்படிச் செய்தால் குழாய்களுக்குள் இருக்கும் காற்று மேலே தள்ளப்படும். மேலிருந்து ஊற்றினால் காற்று பம்புக்குள் மாட்டிக்கொள்ளும். பம்பு உறுமும், தண்ணீர் நகராது. அப்படி விட்டால் புதிதாகப் போட்ட சீலே கருகிவிடும்.

முதல் நாள் குளிர்ந்த தண்ணீரிலேயே ஓடியது. இணைப்புகளுக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வைத்தோம். துளி விழுந்தால் காகிதம் காட்டிக்கொடுக்கும். காகிதம் காய்ந்தே இருந்தது. மறுநாள் ஹீட்டரைப் போட்டோம். சூட்டில் குழாய்கள் விரியும் என்பதால் காகிதத்தை மாற்றி மறுபடி வைத்தோம். இந்த முறை ஹீட்டர் இணைப்பில் ஒரு துளி. கையால் கால் சுற்று இறுக்கியதும் நின்றது.

1,100 லிட்டரை 28 பாகையிலிருந்து 37-க்குக் கொண்டு வர சுமார் 11.5 யூனிட் மின்சாரம் தேவை. எங்கள் ஹீட்டர் 2 கிலோவாட். கணக்குப்படி ஆறு மணி நேரம். மூடி போட்டிருந்தும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆனது. அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்த முறை ஈ.எல்.சி.பி. விழவில்லை.

அம்மா இறங்கினார்

அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டோம். சுடுநீர்த் தொட்டிக்கு 40 பாகைதான் உச்ச வரம்பு என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அம்மா வயதுக்கு அவ்வளவு வேண்டாம் என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். காலை விட்டுச் சூடு பார்க்கக் கூடாது. வெப்பமானியை நம்ப வேண்டும். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். அதனால் 36 பாகை, பத்து நிமிடம், பக்கத்தில் ஒரு ஆள். கர்ப்பிணிகளும் இருதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

சோதனைச் சீட்டில் குளோரினும் அமிலத்தன்மையும் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு, அம்மா கைலியை முடிந்துகொண்டு மெல்ல இறங்கினார். காலை நீட்டினார். மடக்கினார். கண்ணை மூடிக்கொண்டார்.

“எப்படி இருக்கு?” என்றார் அப்பா.

“பேசாம இருங்க.”

அப்பா பேசாமல் இருந்தார்.

அம்மா இன்னும் பத்துமலை ஏறவில்லை. ஏறுவார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று இரவு முட்டிவலிக்காக எழுந்து உட்காராமல் தூங்கினார். எங்களுக்கு அது போதும்.

எல்லாம் சேர்த்து ஆயிரத்து முன்னூறு ரிங்கிட்டுக்குப் பக்கத்தில் செலவானது. தொட்டியின் உடலிலேயே விரிசல் விட்டிருந்தாலோ, மின்பலகைக்கு மாற்று கிடைக்காமல் போயிருந்தாலோ தூக்கிப் போட்டிருப்போம். பழசைக் காப்பாற்றுவதில் அர்த்தம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

கவனத்தில் வைக்க

• கசிந்த தொட்டியில் முதல் வேலை மின்சாரத்தை அடைப்பது. கசிவைத் தேடுவது அதற்குப் பிறகு.

• கசிந்த தண்ணீர் எங்கெல்லாம் போனது என்று தெரியாமல் சுவிட்சைப் போடாதீர்கள். ஊறிய இடம் முழுக்கக் காய வேண்டும்.

• ஈ.எல்.சி.பி. விழுந்தால் அதைக் கழற்றி நேராக லைன் கொடுக்க யாரையும் விடாதீர்கள். தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

• குழாய்களைக் கழுவி, குளோரின் போட்டு, வடிகட்டியை மாற்றிய பிறகே குளிக்கும் தண்ணீரை நிரப்புங்கள்.

• குளோரின் குறைந்தது 3 பி.பி.எம்., பி.எச். 7.0 முதல் 7.8 வரை. சூடான தண்ணீரில் குளோரின் சீக்கிரம் குறையும். ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

• இரண்டு விதமான குளோரினையோ, குளோரினையும் அமிலத்தையுமோ ஒன்றாகக் கலக்காதீர்கள். மருந்தைத் தண்ணீரில் போடுங்கள். மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

• 1,100 லிட்டர் என்றால் 1.1 டன். கொண்டோ பால்கனியில் வைக்கும் எண்ணம் இருந்தால், கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் வைக்காதீர்கள்.

• உறிஞ்சும் துளையின் மூடி உடைந்திருந்தால் தொட்டியை ஓட விடாதீர்கள்.

ஈ.எல்.சி.பி.யில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மாதம் ஒரு தடவை அதை அழுத்திப் பார்க்க வேண்டும் என்று வயர்மேன் சொல்லிவிட்டுப் போனார். அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால்தான் பயப்பட வேண்டும். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது என் கைப்பேசி அதிர்கிறது. எடுத்தால் அப்பாவின் குரலில் அத்தனை உற்சாகம்:

“பாப்பா, மறுபடியும் விழுந்திடுச்சு!”